ரெப்போக்கள் பல, பட்டியல் ஒன்று

ஒரே ஒரு ரெப்போவை வைத்து வேலை பார்ப்பவருக்கு கிட் தெரிந்தால் போதும். பத்து, இருபது என்று ஏறிவிட்டால் பாடு வேறு. எது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, எதில் கமிட் பண்ணாத வேலை மிச்சம் இருக்கிறது, எது சர்வருக்குப் போய்ச் சேராமல் லேப்டாப்பிலேயே தங்கிவிட்டது என்ற மூன்று கேள்விக்கும் எந்த நேரத்தில் கேட்டாலும் பதில் சொல்லத் தெரிய வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, 2020 ஊரடங்குக்குப் பிறகு தேனிப் பக்கம் வருசநாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை காலத்தில் கட்டளை தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களை அதிகம் பார்த்ததில்லை. தங்களிடம் என்னென்ன இருக்கிறது என்று ஓரிடத்தில் எழுதி வைக்காமல் மாட்டியவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளின் கடைசியில் இந்தக் கேள்வியே எழாது. எல்லாரும் சிவிஎஸ் வைத்திருந்தோம். டிக் கிரூன் 1986இல் சில ஷெல் ஸ்கிரிப்டுகளாக ஆரம்பித்ததை 1989இல் பிரையன் பெர்லினர் சி மொழியில் திருப்பி எழுதினார். அலுவலகத்துக்கு ஒரு சர்வர், சர்வரில் ஒரே ரெப்போ, அதற்குள் மாட்யூல் மாட்யூலாக எல்லாப் புராஜெக்ட்டும். யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் சிவிஎஸ் ஒவ்வொரு ஃபைலாகத்தான் கமிட் பண்ணும். நடுவில் லைன் அறுந்தால் பாதி ஃபைல் உள்ளே போயிருக்கும், பாதி வெளியே நிற்கும். ராத்திரி பில்ட் அந்தப் பாதியை எடுத்து ஓடும்; காலையில் வந்தால் திரை முழுக்க எர்ரர். 2004 பிப்ரவரியில் சப்வெர்ஷன் 1.0 வந்ததும் நாங்கள் மாறுவதற்கு அந்த ஒரு காரணமே போதுமாயிருந்தது. அதில் ஒரு கமிட் போனால் முழுதாகப் போகும், இல்லாவிட்டால் போகவே போகாது.

பல ரெப்போ என்ற தொல்லை எனக்கு வந்தது தமிழ் மொழிபெயர்ப்பில். லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் தமிழில் கொண்டுவர, அலுவலகம் முடிந்து வந்து ராத்திரியில் பிஓ ஃபைல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். கேடிஈ, க்னோம் இரண்டிலும் நானும் கொஞ்சம் கை வைத்தேன். கேடிஈ 2005 மே மாதம் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கு வந்தது. அங்கே மொழிபெயர்ப்புகளுக்கென்று தனி இடம். தமிழுக்கான ஃபோல்டரை மட்டும் இறக்கிக்கொண்டால் தமிழ் முழுக்கக் கையில் இருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் டயல்-அப் மோடத்திலேயே புதுப்பித்துவிடலாம்.

க்னோம் 2009 ஏப்ரலில் கிட்டுக்குப் போனது. ஒவ்வொரு மாட்யூலும் தனி ரெப்போவாக நின்றது. ஒரு பிஓ ஃபைலில் நாலு வரி திருத்த வேண்டுமென்றாலும், சாதாரணமாக க்ளோன் பண்ணினால் அந்த மென்பொருளின் வரலாறு முழுவதும் இறங்கும். கேடிஈயின் நிரல்கள் பின்னால் கிட்டுக்குப் போன பிறகும் மொழிபெயர்ப்புகள் பல ஆண்டுகள் சப்வெர்ஷனிலேயே இருந்தன. மொழிபெயர்க்கிறவருக்கு அவர் மொழியின் ஃபோல்டர் மட்டும் போதும் என்பதால் அது சரியான முடிவு என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆக, கையில் சப்வெர்ஷன் கொஞ்சம், கிட் கொஞ்சம், ஒன்றிரண்டு மெர்க்குரியல். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போய் 'கிட் புல்' போடும் ஒரு ஃபார் லூப். ஏறக்குறைய எல்லா டெவலப்பர் லேப்டாப்பிலும் இந்த லூப் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். நன்றாகத்தான் ஓடும். நடுவில் ஒரு ரெப்போவில் கோளாறு என்றால், அதன் எர்ரர் மற்றவை அச்சடிக்கும் வரிகளோடு சேர்ந்து மேலே ஓடிவிடும். லூப் முடிந்ததும் கடைசி ரெப்போவின் நல்ல செய்தி மட்டும் கண்ணில் நிற்கும். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஃபோல்டரில் இருப்பது மட்டும்தான் லூப்புக்குத் தெரியும். இருக்க வேண்டியது இல்லாமல் போயிருந்தால் அது வாயே திறக்காது.

இதற்கு எனக்குக் கிடைத்த மருந்து எம்ஆர். இப்போது மைரெப்போஸ் என்று பெயர். எழுதியவர் ஜோயி ஹெஸ். டெபியனில் வெகுகாலம் இருந்தவர், டெப்ஹெல்பர், கிட்-அனெக்ஸ் எல்லாம் அவர் கைவேலை. எம்ஆர் பெர்லில் எழுதிய சின்ன நிரல்தான். வீட்டு ஃபோல்டரில் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கும். அதில் ஒவ்வொரு ரெப்போவுக்கும் சதுர அடைப்புக்குள் ஃபோல்டரின் பெயர், கீழே 'செக்அவுட்' என்று போட்டு, அதை எங்கிருந்து எப்படி இறக்குவது என்ற கட்டளை. கிட்டா, சப்வெர்ஷனா, மெர்க்குரியலா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். 'எம்ஆர் அப்டேட்' என்று அடித்தால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் போகும். ஃபோல்டர் இல்லாவிட்டால் புதிதாக இறக்கிக்கொள்ளும். ஒன்று தோற்றால் குறித்துக்கொண்டு அடுத்ததற்கு நகரும். எல்லாம் முடிந்ததும் ஒரே வரி: இத்தனை சரி, இத்தனை தோல்வி, இத்தனை தவிர்த்தது. அந்தக் கடைசி வரிக்காகவே என் லூப்பை அழித்தேன்.

எங்கள் அப்பா இலவம்பஞ்சு வியாபாரம் பார்த்தவர். வாலிப்பாறையில் ஒரு தோப்பு, தும்மக்குண்டில் ஒன்று, முருக்கோடையில் ஒன்று என்று சிதறலாகக் குத்தகைக்குப் பிடித்திருப்பார். எதில் காய் இறக்கியாச்சு, எந்தச் சம்சாரிக்கு முன்பணம் போயிருக்கிறது, எந்தத் தோப்புக் காய் இன்னும் களத்தில் காய்கிறது எல்லாம் ஒரே நீளநோட்டில் இருக்கும். தோப்புக்குப் போகாமலேயே நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார். நோட்டில் ஏறாத தோப்பைத் தன் தோப்பென்று கணக்கில் எடுக்க மாட்டார். எம்ஆரின் ஃபைலை முதல்முறை திறந்து பார்த்தபோது, இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி என்று பட்டது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: எதை க்ளோன் பண்ணினாலும் அந்த இடத்திலேயே 'எம்ஆர் ரெஜிஸ்டர்' அடித்துப் பட்டியலில் ஏற்றிவிடுவேன். அந்தப் பட்டியல் ஃபைலும் ஒரு கிட் ரெப்போவில்தான் இருக்கிறது.

ஜோயி ஹெஸ் மலைப்பக்கத்தில் சோலார் மின்சாரத்தையும் டயல்-அப்பையும் வைத்துக்கொண்டு பல ஆண்டு வேலை பார்த்தவர். அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். எம்ஆரில் அந்த வாழ்க்கை தெரிகிறது. 'எம்ஆர் ஆஃப்லைன்' என்று சொல்லிவிட்டால், லைன் இல்லாமல் தோற்கும் கட்டளைகளை ஒரு லாக் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். 'எம்ஆர் ஆன்லைன்' என்றதும் அவற்றை எடுத்து மறுபடி ஓட்டும். பெங்களூரில் இருந்தவரை இந்த இரண்டு கட்டளையையும் நான் தொட்டதில்லை. அங்கே நெட் போனால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வந்துவிடும்.

இங்கே அப்படி இல்லை. தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி வந்தால் மூல வைகை இறங்கி வரும் பள்ளத்தாக்கில் வருசநாடு. மலைக் கிராமங்கள் பக்கம் ஏற ஏற ஃபோனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். ஆடிக் காற்றில் தென்னைமட்டை விழுந்து கரண்ட் போனால், டவரின் பேட்டரி தீர்ந்ததும் நெட்டும் போகும். இந்த ஊரில் வேலை பார்க்க, வேலையையும் அனுப்புவதையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எம்ஆரில் 'கமிட்' என்றால் கிட் ரெப்போவில் கமிட் பண்ணி அதோடு சர்வருக்கும் தள்ளிவிடும். 'ரெக்கார்ட்' என்றால் உள்ளூரில் மட்டும் பதியும். பகலெல்லாம் ரெக்கார்ட். நெட் நன்றாக இருக்கும் அதிகாலையில் 'எம்ஆர் புஷ்'.

ஒரே நேரத்தில் பல ரெப்போவை இழுக்க 'ஹைஃபன் ஜே' என்று போட்டு எண் கொடுக்கலாம். நகரத்தில் பத்து என்று கொடுத்தாலும் பிரச்சினை இல்லை. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் பத்து கொடுத்தால் பத்தும் மெல்ல மெல்ல ஊர்ந்து பாதிக்கு மேல் டைம்-அவுட் ஆகும். நான் இங்கே 'ஹைஃபன் ஜே'யே போடுவதில்லை. அடிக்கடி மாறாத ரெப்போக்களுக்கு 'ஸ்கிப்' என்ற வரியில், போன அப்டேட் முடிந்து இத்தனை மணி நேரம் ஆகாவிட்டால் விட்டுவிடு என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்கென்றே 'அவர்ஸ் சின்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் எம்ஆருக்குள் உண்டு. எழுதியவரும் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்தான் என்று அதைப் பார்த்தபோது புரிந்தது.

பெங்களூரில் கொஞ்ச காலம் ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கான வேலை. ஆண்ட்ராய்டு நூற்றுக்கணக்கான கிட் ரெப்போக்களாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றைச் சேர்த்துக் கட்ட கூகுளே பைத்தானில் ஒரு கருவி எழுதியிருக்கிறது, பெயரும் 'ரெப்போ'தான். அதற்கும் ஒரு பட்டியல் உண்டு: மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல். இதே கூகுள் தன் உள்வேலைக்கு ஒரே பெரிய ரெப்போவை வைத்திருக்கிறது. 2016இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் அதன் அளவு 86 டெராபைட், ஃபைல்கள் நூறு கோடி என்று சொன்னார்கள். ஒன்றா, பலவா என்று இன்றைக்கும் ஆட்கள் சண்டை போடுகிறார்கள். ஒரே நிறுவனம் இரண்டையும் வைத்துப் பிழைக்கிறது என்றால், சண்டைக்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

ரெப்போ கருவியிடம் எம்ஆரிடம் இல்லாத ஒரு வசதி இருந்தது. 'ரெப்போ மேனிஃபெஸ்ட் ஹைஃபன் ஆர்' என்று அடித்தால், அந்தக் கணத்தில் ஒவ்வொரு ரெப்போவும் எந்தக் கமிட்டில் நிற்கிறது என்று முழுப் பட்டியலை எழுதித் தரும். ஒவ்வொரு பில்டுக்கும் அந்த ஃபைலை எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். ஒருமுறை வெளியே விற்ற ஃபோன் ஒன்று பேசிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது என்று திரும்பி வந்தது. அதில் இருந்த பில்ட் பல மாதம் பழையது. இதற்கிடையில் எல்லாப் பிராஞ்சும் நகர்ந்துவிட்டன. பிராஞ்சின் பெயரை வைத்து அன்றைய நிரலை எடுக்கவே முடியாது. பில்ட் எண்ணைப் பார்த்து அந்த மேனிஃபெஸ்டை எடுத்தோம். மதியத்துக்குள் அன்றைய நிரல் அச்சு அசலாக மேசையில் இருந்தது. ஆகவே என் கணக்கு இதுதான்: ஒரு ஆள் தன் ரெப்போக்களைப் பராமரிக்க எம்ஆர் போதும். பல ரெப்போ சேர்ந்து ஒரே பொருளாக வெளியே போகிறது என்றால், கமிட் எண்ணோடு பூட்டி வைக்கும் கருவி கட்டாயம். அது ரெப்போவாக இருக்கலாம், கிட்டின் சப்மாட்யூலாகவும் இருக்கலாம்.

இன்னொரு அலுவலகத்தில் நடந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்கும். நல்ல வேலைக்காரப் பையன் ஒருவன் ராஜினாமா செய்து போனான். போன மறுநாள் அவன் லேப்டாப்பை ஃபார்மேட் பண்ணி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, அவன் செய்துவைத்திருந்த திருத்தம் எங்கே என்று கேள்வி வந்தது. சர்வரில் இல்லை. ஃபோன் போட்டுக் கேட்டால், "ஸ்டாஷ்ல வச்சிருந்தேன் சார், இன்னொரு ரெப்போவுல ஒரு பிராஞ்ச் புஷ் பண்ணாம இருந்துச்சு" என்றான். ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு ஒரு முறையும் அங்கே இல்லை.

சாதாரண 'கிட் ஸ்டேட்டஸ்' நிற்கிற பிராஞ்சைப் பற்றித்தான் பேசும். மற்றப் பிராஞ்சுகளில் தேங்கி நிற்கும் கமிட்டைப் பற்றியோ ஸ்டாஷைப் பற்றியோ தானாகச் சொல்லாது. 'எம்ஆர் ஸ்டேட்டஸ்' கிட் ரெப்போக்களில் மூன்றையும் காட்டும்: கமிட் ஆகாத மாற்றம், எந்த ரிமோட்டுக்கும் போகாத பிராஞ்ச், ஸ்டாஷில் கிடப்பது. எல்லாம் சுத்தமாக இருந்தால் ரெப்போவின் பெயர் மட்டும் வந்து போகும். யார் வேலையை விட்டுப் போனாலும், யார் லேப்டாப் மாற்றினாலும், இந்த ஒரு கட்டளையைப் பக்கத்தில் உட்கார்ந்து ஓடவிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவேன்.

2015க்குப் பிறகு வந்த மாற்றங்கள் வேறு மாதிரி. நாம் சும்மா இருந்தாலும் சர்வர்க்காரர்கள் நம் எல்லா ரெப்போவையும் ஒரே நாளில் அசைத்துவிடுவார்கள். கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடியது. பிட்பக்கெட் 2020இல் மெர்க்குரியலைக் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து கிட்ஹப்பில் புது ரெப்போக்களின் முதல் பிராஞ்ச் 'மாஸ்டர்' போய் 'மெயின்' ஆனது. 2021 ஆகஸ்ட் 13 முதல் அங்கே கிட் வேலைக்கு பாஸ்வேர்டு செல்லாது என்றார்கள். 2022 மார்ச்சில் அங்கேயே பழைய கிட் புரோட்டோகால் முகவரிகள் நின்றன.

முகவரி மாறும்போது பலர் இடறுவது ஓரிடத்தில். பட்டியலில் முகவரியைத் திருத்தினால் புதிதாக இறக்குவதற்குத்தான் அது உதவும். ஏற்கெனவே இறக்கிய ரெப்போ தன் பழைய முகவரியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் போய் 'ரிமோட் செட்-யூஆர்எல்' போடலாம். அதைவிட எளிய வழி கிட்டின் பொதுக் கான்ஃபிக்கில் இருக்கிறது: 'இன்ஸ்டெட்-ஆஃப்' என்று ஒரு வரி எழுதினால், பழைய முகவரியில் ஆரம்பிக்கும் எதையும் கிட் தானாகப் புதியதாக மாற்றிப் படிக்கும். அந்த 2022 மார்ச்சில் என் வேலை அந்த ஒரு வரியோடு முடிந்தது.

2023 மார்ச் 24 நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீ ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதால், அவர்கள் அதை மாற்றிவிட்டார்கள். அந்த அறிவிப்பைப் படிக்காமலேயே, எஸ்எஸ்ஹெச்சில் அந்தப் பழைய கீயை வைத்து அப்டேட் ஓடவிட்டவர்களுக்கு, கிட்ஹப் ரெப்போ ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் ஒரே எச்சரிக்கை: சர்வரின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் இருக்கலாம். மயிலாடும்பாறைப் பையன் ஒருவன் என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்தான், ஃபோனில் கூப்பிட்டான்.

"அண்ணே, எல்லா ரெப்போவும் ஒண்ணுபோல ஃபெயிலாகுது. இந்தச் செக்கிங்க ஆஃப் பண்ணிட்டா ஓடும்னு போட்டுருக்காங்க. ஆஃப் பண்ணிரவாண்ணே?"

"பண்ணாத தம்பி. கிட்ஹப் பக்கத்துல புதுக் கீயோட ஃபிங்கர்பிரிண்ட் போட்டுருப்பாங்க. அத எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாரு. சரியா இருந்தா பழைய கீய எடுத்துட்டுப் புதுச ஏத்து."

ஃபோனை வைக்காமல் அவன் வாசிக்க வாசிக்க நான் சரிபார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி தோற்கும்போது காரணமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். அதை ஓரிடத்தில்தான் தீர்க்க வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் அந்தச் சரிபார்ப்பை நிறுத்தி வைத்த லேப்டாப்புகளைப் பின்னால் பார்த்தேன். எச்சரிக்கை போய்விட்டது, பாதுகாப்பும் சேர்ந்தே போய்விட்டது.

பட்டியலை நம்பும் கருவிக்கு ஒரு அபாயமும் உண்டு. எம்ஆரின் கான்ஃபிக்கில் எழுதியது எல்லாம் ஷெல் கட்டளை. அடுத்தவர் ஃபைலை அப்படியே வாங்கிப் போட்டால் அவர் எழுதியதெல்லாம் நம் லேப்டாப்பில் ஓடும். ஆகவேதான் வீட்டு ஃபோல்டரில் இருப்பதைத் தவிர வேறு கான்ஃபிக்கை எம்ஆர் சும்மா நம்பாது. 'எம்ஆர்டிரஸ்ட்' என்ற ஃபைலில் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். இதைத் தொந்தரவு என்று தாண்டிப் போகும் பிள்ளைகளைத் திரும்ப உட்கார வைத்துச் சொல்கிறேன்.

இப்போது கீட்டா, மெட்டா என்று புதுக் கருவிகள் வந்துவிட்டன. கிட்டே 2020 டிசம்பரில் வந்த 2.30 பதிப்பில் 'ஃபார்-ஈச்-ரெப்போ' என்று ஒரு கட்டளையைச் சேர்த்தது; கான்ஃபிக்கில் எழுதிய ரெப்போ பட்டியலைப் படித்து ஒவ்வொன்றிலும் ஒரே வேலையைச் செய்யும். யார் செய்தாலும் முதலில் பட்டியல் கேட்கிறார்கள். பழகியவர் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்பேன். எனக்கு எம்ஆரை விட மனசில்லை. லைன் போனால் என்ன செய்வது என்று யோசித்துச் செய்த கருவி அது.

அந்த மயிலாடும்பாறைத் தம்பி போன மாதம் புது லேப்டாப் வாங்கினான். எங்கள் பட்டியலை 'எம்ஆர் பூட்ஸ்ட்ராப்' கட்டளைக்குக் கொடுத்து, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிட்டான். ஓப்பன்-தமிழ், எழில் போன்ற பொது ரெப்போக்கள் முதல் எங்கள் வாடிக்கையாளர் ரெப்போக்கள் வரை காலையில் எல்லாம் இறங்கியிருந்தன. கடைசி வரியில் மட்டும் ஒன்று தோல்வி. பார்த்தால், மூடிப்போன ஒரு சர்வரின் ரெப்போ. "இந்த வரிய எடுத்துரவாண்ணே?" என்றான். எடுக்க வேண்டாம், ஸ்கிப் என்று போட்டுவிட்டு, சர்வர் எப்போது மூடியது, கடைசிப் பிரதி எந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது என்று மேலே கமெண்ட் எழுது என்றேன். அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்து, பிரதி திறக்கிறதா என்று பார்த்த பிறகு எழுதினான். கமிட் பண்ணிப் புஷ் பண்ணியதும் மறுபடி அப்டேட் ஓடவிட்டான். தோல்வி எதுவும் இல்லை, தவிர்த்தது ஒன்று என்று வந்தது.